ஜெர்மனியில் 50 மாதம் கட்டிய பென்ஷன் பணம்: திரும்ப வாங்கலாமா, விட்டு வைக்கலாமா?

கோவை_டிசைனர்:

வணக்கம் நண்பர்களே. 2012 ஜூலையிலிருந்து 2019 ஜூன் வரை கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் இன்ஜினியராக இருந்தேன். ஏழு வருஷமும் பி.எஃப். பிடித்தார்கள். அப்புறம் 2019 ஆகஸ்டில் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்தேன். இங்கிருந்து டெப்யூடேஷனில் போகவில்லை. அந்த ஊர் ஒப்பந்தம், அந்த ஊர்ச் சம்பளம். 2023 செப்டம்பரில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகவே குடும்பத்தோடு திரும்பிவிட்டோம். இப்போது கோவை கணபதியில் சொந்தமாக ஒரு டிசைன் ஆபீஸ் நடத்துகிறேன். பி.எஃப். எதுவும் கட்டுவதில்லை.

அங்கே மொத்தச் சம்பளம் மாதம் 4,500 யூரோ. சம்பளச் சீட்டில் பென்ஷனுக்கு என்று மாதாமாதம் 418.50 யூரோ பிடித்தம். மொத்தம் 50 மாதம். 60 மாதம் கட்டினால்தான் அங்கே பென்ஷன், அதற்குக் குறைந்தால் இந்தியா திரும்பி இரண்டு வருஷம் கழித்துப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. வாட்ஸ்ஆப்பில் ஒரு ஏஜென்ட் பேசினார். ஜெர்மனிப் பணத்தையும், இங்கே கிடக்கும் பி.எஃப்., பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துத் தருகிறாராம், கமிஷன் 10 சதவீதம். ஆபீஸுக்கு ஒரு 3டி ஸ்கேனர் வாங்க வேண்டியிருக்கிறது, அதற்கு இந்தப் பணம் உதவும்.

வாங்கிவிடலாமா? இதில் நான் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

---

முனிக்_ரிட்டர்ன்:

நான் வாங்கினேன் சார், எனக்கு 31 மாதம்தான் இருந்தது. ஏஜென்ட் தேவையே இல்லை. ஜெர்மன் அரசுப் பென்ஷன் அமைப்பான டாய்ச்சே ரெண்டன்ஃபெர்ஸிஷெருங் தளத்தில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான ரீஃபண்ட் படிவம் ஆங்கிலத்திலேயே கிடைக்கும். உங்கள் ஜெர்மன் காப்பீட்டு எண், பாஸ்போர்ட் நகல், இங்குள்ள வங்கிக் கணக்கு விவரம், ஐரோப்பாவில் கேட்கும் ஐ.பி.ஏ.என். என்ற சர்வதேசக் கணக்கு எண் இங்கே இல்லாததால் ஸ்விஃப்ட் குறியீடு, இவ்வளவுதான். விண்ணப்பிக்க அவர்கள் கட்டணம் கேட்பதில்லை. கொஞ்சம் காத்திருக்க வேண்டும், ஆனால் பணம் நேராகக் கணக்கில் வந்துவிட்டது. வீட்டுக் கடனில் போட்டேன். எனக்கு அது சரியாக இருந்தது.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் பங்கு மட்டும்தான் வரும். கம்பெனி கட்டிய சரிபாதி வராது, வட்டியும் கிடையாது.

---

பேரோல்_மேசை:

தம்பி, எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள். சென்னையில் சம்பளப் பட்டியல் வேலையில்தான் என் காலம் போயிருக்கிறது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் கம்பெனிகளுக்கு பி.எஃப். ஆபீஸ் வேலையெல்லாம் நான்தான் பார்ப்பேன். உங்கள் கேஸ் முந்தைய நண்பருடையதைப் போல இல்லை. உங்களுக்கு இரண்டு பக்கமும் மாதங்கள் இருக்கின்றன. அந்த ஏஜென்ட் சொல்வதைக் கேட்டால் இரண்டு பக்கமும் ஒரே வாரத்தில் அழிந்துவிடும்.

இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. 2011-ல் கையெழுத்தாகி 2017 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கம்பெனிகள் அதை ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் பயன்படுத்துகின்றன. இங்கிருந்து அனுப்பப்படும் ஊழியருக்கு பி.எஃப். ஆபீஸில் கவரேஜ் சர்டிபிகேட், அதாவது இவர் இந்தியாவிலேயே கட்டுகிறார் என்ற சான்று, வாங்கினால் 48 மாதம் வரை அங்கே பென்ஷன் பிடித்தம் கிடையாது. ஊழியருக்கு அதைவிட முக்கியமான இன்னொரு பகுதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பென்ஷனுக்குத் தகுதி பார்க்கும்போது இரண்டு நாட்டுக் காலத்தையும் கூட்டிக்கொள்ளலாம் என்கிறது அது. மாதங்கள்தான் கூடும், பணம் அந்தந்த நாட்டிலேயே இருக்கும். தகுதி வந்ததும், தன்னிடம் கட்டிய காலத்துக்கு உரிய பென்ஷனை ஒவ்வொரு நாடும் தனித்தனியாகக் கொடுக்கும்.

இப்போது உங்கள் கணக்கு. ஜெர்மனியில் வேண்டியது 60 மாதம், உங்களிடம் இருப்பது 50. ஆனால் 2012 முதல் 2019 வரை இங்கே இ.பி.எஸ். என்ற ஊழியர் பென்ஷன் திட்டத்தில் 84 மாதம் இருக்கிறது. கூட்டினால் 134. ஆக, அங்கே உங்களுக்குப் பென்ஷன் தகுதி இப்போதே இருக்கிறது. எதிர்ப்பக்கம் பாருங்கள். இ.பி.எஸ்.ஸில் மாதப் பென்ஷன் வாங்கப் பத்து வருஷம் வேண்டும், உங்களுக்கு ஏழுதான். அதனால்தான் ஏஜென்ட் அதை எடுத்துவிடச் சொல்கிறார். ஜெர்மனியின் நான்கு வருஷம் இரண்டு மாதத்தைச் சேர்த்தால் இங்கேயும் பத்தைத் தாண்டிவிடுகிறது.

தொகையைப் பார்ப்போம். ரீஃபண்ட் 418.50 பெருக்கல் 50, அதாவது 20,925 யூரோ. நம் பணத்தில் இருபது லட்சத்துக்கு மேல். பெரிய தொகைதான், மறுக்கவில்லை. பென்ஷனை ஜெர்மனியில் புள்ளி வைத்துக் கணக்கிடுகிறார்கள். அந்த வருஷம் நாட்டின் சராசரிச் சம்பளம் எவ்வளவோ அதை நீங்கள் வாங்கியிருந்தால் ஒரு புள்ளி. 2020-ல் சராசரி 39,167 யூரோ, நீங்கள் வாங்கியது 54,000. அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் கிட்டத்தட்ட 1.38 புள்ளி. சராசரி ஏறிக்கொண்டே போனதால் அடுத்த வருஷங்களில் கொஞ்சம் குறையும். மொத்தமாக நான் போட்டுப் பார்த்ததில் ஐந்தரைப் புள்ளியை ஒட்டி வருகிறது. 2025 ஜூலை முதல் ஒரு புள்ளியின் மதிப்பு மாதம் 40.79 யூரோ. ஆக 67 வயதிலிருந்து மாதம் 220 யூரோவுக்குச் சற்று மேல், இன்றைய மதிப்பில். 2024 ஜூலையில் இதே புள்ளி 39.32-ஆக இருந்தது. அங்கே சம்பளம் ஏற ஏற இதுவும் ஏறும். இந்தியாவில் இருந்தாலும் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும்.

கம்பெனி கட்டிய பாதி உங்களுக்குப் பயன்படுவதும் பென்ஷனாக வாங்கும்போதுதான். ரீஃபண்ட் வாங்கினால் அந்தப் பாதி அங்கேயே நின்றுவிடும், 50 மாதமும் துடைத்துப் போய்விடும். நாளைக்கே திரும்ப ஸ்டுட்கார்டில் வேலை கிடைத்தாலும் ஒன்றாம் மாதத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பணத்தைத் திருப்பிக் கட்டி மாதங்களை மீட்கவும் வழியில்லை.

இந்தப் பக்கம் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். பி.எஃப். பணத்தை எடுக்கப் படிவம் 19. அதை எடுத்தால் பென்ஷன் காலத்துக்கு ஒன்றும் ஆகாது. ஸ்கேனருக்கு அவசரம் என்றால் அதைத் தாராளமாக எடுங்கள். ஆனால் படிவம் 10சி என்று இன்னொன்றையும் சேர்த்து நீட்டுவார்கள். அதே ஒரு படிவத்தில்தான் பென்ஷன் பணத்தைத் திரும்பப் பெறுவதற்கும் கேட்கலாம், பணத்தை எடுக்காமல் உங்கள் பென்ஷன் காலத்தைப் பதிந்து வைக்கும் ஸ்கீம் சர்டிபிகேட் வேண்டும் என்றும் கேட்கலாம். முன்னதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் ஏழு வருஷமும் போச்சு. அப்புறம் ஜெர்மனி 50-உடன் கூட்டுவதற்கு இங்கே எதுவும் இருக்காது. சர்டிபிகேட்டைத் தேர்ந்தெடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்களிடம் வந்த ஒரு பையன் விமானம் ஏறுவதற்கு முந்தின மாதம் 10சி போட்டு எட்டு வருஷ இ.பி.எஸ்.ஸையும் எடுத்திருந்தான். வீட்டுச் சாமான் கப்பலில் அனுப்பப் பணம் வேண்டியிருந்ததாம். ஜெர்மனியில் 57 மாதம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினான். மூன்று மாதம் குறைகிறது, கூட்டுவதற்கு இங்கே ஒரு மாதம் கூட இல்லை. அவனிடம் அதைச் சொல்லும்போது எனக்கே நெஞ்சு அடைத்தது. ஒப்பந்தம் இருந்தும் இல்லாதது போல ஆகிவிட்டது.

கடைசியாக ஒன்று. உங்கள் பி.எஃப். பாஸ்புக்கில் பென்ஷன் என்ற பத்தியில் மாதாமாதம் தொகை ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2014 செப்டம்பருக்குப் பிறகு புதிதாகச் சேர்ந்து, பி.எஃப். சம்பளம் 15,000-க்கு மேல் இருந்தவர்களுக்கு இ.பி.எஸ். கிடையாது, முழுவதும் பி.எஃப்.பிலேயே போய்விடும். நீங்கள் 2012-ல் சேர்ந்ததால் இருக்க வேண்டும். ஆனாலும் கண்ணால் பார்த்துவிடுங்கள். நான் சொன்ன மொத்தக் கணக்கும் அந்தப் பத்தியை நம்பித்தான் நிற்கிறது.

---

கோவை_டிசைனர்:

அக்கா, ரொம்ப நன்றி. ஏஜென்டிடம் இந்த ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டேன், அது டெப்யூடேஷனில் போனவர்களுக்கு மட்டும்தான் என்றார். இன்னொரு சந்தேகம்: எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தப் பென்ஷனால் வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன பிரயோஜனம்? மனைவி அங்கே வேலைக்குப் போகவில்லை. பாப்பா 2020 நவம்பரில் ஸ்டுட்கார்டில்தான் பிறந்தாள், மனைவிதான் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டாள். அதற்கு முன்னால் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் டீச்சராக இருந்தாள், 12,000 சம்பளம்.

---

பேரோல்_மேசை:

டெப்யூடேஷனில் போனவர்களுக்கு உள்ளது கவரேஜ் சர்டிபிகேட் பகுதி. கூட்டல் பகுதி அங்கே கட்டியவர்களுக்கு, அதாவது உங்களைப் போன்றவர்களுக்குத்தான்.

உங்களுக்கு ஏதாவது ஆனால் மனைவிக்கும் பிள்ளைக்கும் பென்ஷன் உண்டு. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை வளர்க்கும் மனைவிக்கு உங்கள் பென்ஷனில் 55 சதவீதம் என்பது அங்குள்ள விதி. பிள்ளைக்குத் தனியாகவும் உண்டு, படித்துக்கொண்டிருந்தால் 27 வயது வரை. ரீஃபண்ட் வாங்கினால் இவை எதுவும் இல்லை.

ஆனால் நீங்கள் போகிற போக்கில் சொன்ன விஷயத்தில்தான் பெரிய சமாச்சாரம் இருக்கிறது. ஜெர்மனியில் குழந்தை வளர்த்த காலத்தைப் பென்ஷன் காலமாகவே எழுதிக்கொள்வார்கள். ஒரு குழந்தைக்கு மூன்று வருஷம் வரை. அந்த மூன்று வருஷத்துக்குக் கட்டணத்தை அரசாங்கம் கட்டியதாகக் கணக்கு. அங்கே வசித்து வளர்த்திருந்தால் போதும், ஜெர்மன் குடியுரிமை வேண்டியதில்லை, சம்பள வேலை பார்த்திருக்கவும் வேண்டியதில்லை. தாய் தகப்பன் இருவரும் வேறு மாதிரி எழுதிக் கொடுக்காவிட்டால் வழக்கமாக அது தாயின் கணக்கில்தான் ஏறும்.

பாப்பா பிறந்த அடுத்த மாதம், 2020 டிசம்பரிலிருந்து 2023 செப்டம்பர் வரை எண்ணுங்கள்: 34 மாதம். வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு புள்ளி. உங்கள் மனைவி பெயரில் 2.8 புள்ளி இருக்கிறது என்று அர்த்தம், இன்றைய மதிப்பில் மாதம் 115 யூரோவை ஒட்டி. அவர் ஒரு சென்ட் கூடக் கட்டவில்லை. 34 மாதம் மட்டும் என்றால் 60 ஆகாது. ஆனால் பள்ளிக்கூடத்து மூன்று வருஷம்? 12,000 சம்பளத்துக்கு பி.எஃப். பிடித்திருந்தால் இ.பி.எஸ்.ஸும் கட்டாயம் போயிருக்கும். 36-உம் 34-உம் 70. அவரும் தகுதி பெறுகிறார்.

இது தானாக ஏறாது, விண்ணப்பம் போட வேண்டும். பாப்பாவின் ஜெர்மன் பிறப்புச் சான்றிதழ், அங்கே குடியிருந்ததற்கான பதிவுச் சான்று, கிளம்பும்போது வாங்கிய குடியிருப்பு ரத்துச் சான்று, இவற்றை எடுத்து வையுங்கள். காப்பீட்டு எண் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். அவர் பி.எஃப்.பை எடுத்துவிட்டாரா, குறிப்பாக 10சி போட்டாரா என்று இன்றைக்கே கேளுங்கள்.

வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கு அந்த நாட்டுச் சட்டம் ஒன்றை எழுதி வைத்திருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அது தெரியாமலே ஊர் திரும்பிவிடுகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

---

எண்கணக்கு:

ஒரு மாற்றுக் கருத்து. அண்ணனுக்கு முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது இருக்கும். 67 வர இன்னும் முப்பது வருஷம். இருபத்தொரு லட்சத்தை ஏழு சதவீத வட்டியில் முப்பது வருஷம் போட்டால் ஒன்றரைக் கோடியைத் தாண்டும். அதன் வட்டியே மாதம் தொண்ணூறாயிரத்துக்கு மேல் வரும், முதலும் கையில் இருக்கும். மாதம் 220 யூரோவுக்காக ஏன் காத்திருக்க வேண்டும்?

---

பேரோல்_மேசை:

நியாயமான கேள்வி. கணக்கும் சரிதான். ஆனால் இன்றைய 220 யூரோவை முப்பது வருஷம் கழித்து வரும் ரூபாயோடு ஒப்பிடுகிறீர்கள். புள்ளியின் மதிப்பும் முப்பது வருஷம் ஏறும், யூரோவின் ரூபாய் மதிப்பும் அதே இடத்தில் நிற்காது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் நீங்கள் காட்டும் இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடும். தவிர உங்கள் கணக்கில் வரி இல்லை, நடுவில் ஒரு தடவை கூட அந்தப் பணத்தில் கை வைக்கக் கூடாது. கல்யாணம், ஆஸ்பத்திரி, வியாபாரத்தில் ஒரு மோசமான வருஷம், இதையெல்லாம் தாண்டி முப்பது வருஷம் தொடாமல் வைத்திருக்கும் குடும்பங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இங்கே தம்பி வைப்பு நிதியில் போடவும் போவதில்லை, ஸ்கேனர் வாங்கப்போகிறார்.

அந்த ஸ்கேனரால் தொழில் இரட்டிப்பாகும் என்றால் அது அவர் எடுக்க வேண்டிய முடிவு. நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ரீஃபண்டுக்குக் கெடு கிடையாது. இன்றைக்கு வாங்காவிட்டால் அடுத்த வருஷமும் கேட்கலாம், ஐந்து வருஷம் கழித்தும் கேட்கலாம். வாங்கிவிட்டால் திரும்பி வர வழியில்லை. மெஷினுக்கு பி.எஃப். பணமோ வங்கிக் கடனோ முதலில் கிடைக்குமா என்று பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

---

நகோயா_தமிழ்:

ஜப்பானில் இருக்கிறேன். எங்களுக்கும் இதே மாதிரித்தானா? நாலு வருஷம் ஆகிறது, அடுத்த வருஷம் திரும்பலாம் என்று இருக்கிறேன்.

---

பேரோல்_மேசை:

இந்தியா - ஜப்பான் ஒப்பந்தம் 2016 அக்டோபர் முதல் உண்டு, கூட்டலும் உண்டு. ஆனால் உங்களுக்குக் கெடு இருக்கிறது, அதுதான் பெரிய வித்தியாசம். ஜப்பானில் மொத்தமாகத் திரும்பப் பெறும் தொகையை நாட்டை விட்டுக் கிளம்பிய இரண்டு வருஷத்துக்குள் கேட்க வேண்டும். தாமதித்தால் அந்த வழி அடைந்துவிடும். அதிகபட்சம் 60 மாதத்துக்குத்தான் கணக்கிடுவார்கள், 20.42 சதவீதம் வரியும் பிடிப்பார்கள். வாங்கினால் அங்கேயும் காலம் அழிந்துவிடும். பென்ஷனாக வாங்க ஜப்பானில் வேண்டியது பத்து வருஷம். இந்தியாவில் உங்களுக்கு இ.பி.எஸ். ஆறு வருஷமாவது இருந்தால் யோசிக்க இடமிருக்கிறது. பாஸ்புக்கில் பென்ஷன் பத்தி காலியாக இருந்தால் கெடுவுக்குள் வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். பாஸ்புக்கைப் பார்த்துவிட்டுத் தனிப் பதிவாகக் கேளுங்கள், விவரமாகச் சொல்கிறேன்.

---

கோவை_டிசைனர்:

பார்த்துவிட்டேன் அக்கா. என் பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் ஆரம்பத்தில் மாதம் 541 ரூபாய், 2014 செப்டம்பருக்கு அப்புறம் 1,250 என்று கடைசி வரை இருக்கிறது. மனைவியும் எதையும் எடுக்கவில்லை, அவளுடைய பி.எஃப். எண் மட்டும் பழைய போன் நம்பரோடு இணைந்திருக்கிறது. ஏஜென்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரீஃபண்டைப் பற்றி ஸ்கேனருக்குக் கடன் கிடைக்கிறதா என்று தெரிந்த பிறகு முடிவு செய்கிறேன். ஆனால் சர்வீஸ் விவரத்தில் பம்ப் கம்பெனிக்கு நேரே வெளியேறிய தேதி காலியாக இருக்கிறது. அந்தக் கம்பெனியில் இப்போது எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

---

பேரோல்_மேசை:

541-உம் 1,250-உம் சரியான தொகைகள்தான். அப்போதைய உச்சவரம்பு 6,500, பிறகு 15,000, இரண்டிலும் 8.33 சதவீதம். நல்லது.

வெளியேறிய தேதிக்குக் கம்பெனியைத் தேட வேண்டாம். யு.ஏ.என். (உங்கள் நிரந்தர பி.எஃப். எண்) உறுப்பினர் தளத்தில் உள்ளே போனால் ‘மேனேஜ்’ என்பதன் கீழ் ‘மார்க் எக்ஸிட்’ இருக்கும். கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் கடந்திருந்தால் நீங்களே போடலாம். பணம் கட்டிய கடைசி மாதத்துக்குள் வருகிற தேதியைத்தான் போட வேண்டும், உங்களுக்கு 2019 ஜூன். ஆதாரோடு இணைந்த போனுக்கு ஓ.டி.பி. வரும். ஒரு தடவை போட்டால் நீங்களாக மாற்ற முடியாது. பழைய வேலை விடுவிப்புக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள். அது முடிந்ததும் 10சி-யில் ஸ்கீம் சர்டிபிகேட்டுக்கு விண்ணப்பியுங்கள். உங்கள் மனைவிக்கு முதலில் ஆதார் வழியாகப் போன் நம்பரை மாற்றிவிட்டு இதே வரிசையில் செய்யுங்கள்.